கப்பலில் வருகிற மொய்

பாளையங்கோட்டை
17.10.1996

அன்பு மகள் பெர்சிஸுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் நானும் சரீரத்தில் சுகம்தான், மனசைப் பற்றிக் கேட்காதே, அதற்குத்தான் இந்தக் கடிதமே. நீ அந்த வின்னிபெக் குளிரில் ஒரு குறைவும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபம் பண்ணுகிறேன். காதை மூடாமல் வெளியே போகாதே, போன தடவை அனுப்பிய போட்டோவில் குல்லாவைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாய், குல்லா கைக்கா தலைக்கா. எபி தூத்துக்குடியிலிருந்து போன ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போனான், பிள்ளைக்குச் சளி, தூதுவளை ரசம் வைத்துக் கொடுங்கள் என்றேன், உன் மதினி சொட்டு மருந்துதான் கொடுக்க வேண்டுமாம் என்றாள், நான் வாயை மூடிக்கொண்டேன், பார், உன் அம்மாவும் திருந்திவிட்டாள். வள்ளியூரில் தேவமணி சித்திக்கு முழங்கால் வலி குறையவில்லை, அதோடு லாரித் தண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள், அவள் வீட்டுக் கிணறு இன்னும் உப்புத்தான். ஐப்பசி பிறந்துவிட்டது, வானம் மூடிக்கிடக்கிறது, பெய்யவும் மாட்டேன் என்கிறது வெளுக்கவும் மாட்டேன் என்கிறது. அப்பா கோயில் கமிட்டிக்குப் போயிருக்கிறார், அவர் வருவதற்குள் இதை எழுதி ஒட்டிவிட வேண்டும், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு விளக்குகிறேன், நடுவில் பயந்து கடிதத்தைக் கீழே போட்டுவிடாதே. உன் டிபார்ட்மெண்ட் தலைவர் பெயருக்கு அப்பா ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறார். உன்னைக் கேட்காமல், என்னைக் கேட்காமல். நல்ல வேளை, விமானத் தபாலுக்குக் கேட்ட கூலியைப் பார்த்து மலைத்துப்போய்க் கப்பல் தபாலில் போட்டிருக்கிறார். உன் அப்பாவுடைய கஞ்சத்தனத்துக்கு நான் நன்றி சொன்னது இதுதான் முதல் தடவை. அது கடலைத் தாண்டி வருவதற்குள் நீ உன் தலைவரைப் போய்ப் பார்க்க வேண்டும். ஜனவரியில் உன் வேலையை நிரந்தரமாக்குவதைப் பற்றிப் பேச அந்தக் கமிட்டி உட்காருமே, அதற்கு முன்னாலேயே பார்சல் வந்துவிடும் என்று தபாலாபீஸில் சொல்கிறார்கள். இதோடு போகிறதா என்றால் இல்லை, இன்னொன்றும் இருக்கிறது, அது இதைவிடப் பெரிது, அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

எல்லாம் ஆடி மாதத்தில் வந்த உன் கடிதத்தில்தான் தொடங்கியது. உனக்கு ஞாபகம் இருக்கும், அதில் நீ விளக்கமாக எழுதியிருந்தாய், அந்த ஊரில் ஒருவருக்கு வேலையை நிலையாகக் கொடுப்பதற்கு முன்னால் அவர் எழுதிய கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை பேர் தங்கள் கட்டுரையில் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள் என்று பார்ப்பார்களாம், அதற்கென்றே சைட்டேஷன் இண்டெக்ஸ் என்று தடித்தடியான புத்தகங்கள் வருஷா வருஷம் வருமாம், ஆசிரியர் பெயரைத் தேடிப்பார்த்தால் அவரை யார் யார் எங்கே குறிப்பிட்டார்கள் என்று வரிசையாக இருக்குமாம். அதில் உன்னைத் தேடினால் நீ ஒருத்தியாக இல்லை, இரண்டு பேராக இருக்கிறாய் என்று எழுதியிருந்தாய். இங்கே இருந்து எழுதியதெல்லாம் நம் வழக்கப்படி ஜி. பெர்சிஸ். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று கேட்ட இடத்தில் நமக்கு எங்கே குடும்பப் பெயர் இருக்கிறது, அப்பா பெயரை எழுதிக்கொடுத்தோம், அதனால் கனடாவில் எழுதியதெல்லாம் ஞானையா என்ற பெயரில் கிடக்கிறது. ஜி. பெர்சிஸ் யாரோ, பி. ஞானையா யாரோ என்று புத்தகம் நினைத்துக்கொள்கிறது, கமிட்டிக்காரர்கள் ஞானையாவை மட்டும் பார்த்துவிட்டு இவ்வளவுதானா என்று கேட்கிறார்கள், நான் லைப்ரரியில் உட்கார்ந்து இரண்டு பேரையும் ஒருத்தியாக்கித் தாள் தயார் பண்ணுகிறேன், சேர்த்தாலும் மற்றவர்களுக்கு இருப்பதில் பாதிதான் வருகிறது என்று எழுதியிருந்தாய். அந்தக் கடைசி வரியைத்தான் நான் சத்தமாக வாசித்திருக்கக் கூடாது. உன் அப்பா முறுக்கைக் கீழே வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் ஆள் தங்கவில்லை. காலையில் பழைய ஸ்கூட்டரை எடுத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட வருவதில்லை, ஒரு நாள் நாங்குநேரி, ஒரு நாள் ஸ்ரீவைகுண்டம், ஒரு நாள் பஸ் பிடித்து நாகர்கோவில். கேட்டால் பழைய மாணவர்களைப் பார்க்கப் போகிறேன் என்பார். நான் நம் சபையின் திருமண்டலத் தேர்தலுக்கு யாருக்கோ ஓட்டுக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன், நம் கோயிலில் பாதிப் பேர் அப்படித்தானே அலைகிறார்கள், சேகரத்துப் பாதிரி ஐயர் வந்தபோதுகூட, யாருக்காக ஐயா இவர் இப்படி வெயிலில் சுற்றுகிறார் என்று ஜாடையாகக் கேட்டேன், அவர் எனக்கும் தெரியாது என்று சிரித்துவிட்டுக் காப்பியைக் குடித்தார். ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு உற்சாகமாக நான் அவரைப் பார்த்ததில்லை, அதனால் சும்மா விட்டேன். முப்பது வருஷம் தாவரவியல் நடத்தியவர், வீட்டில் உட்கார்ந்து என் சமையலில் உப்புப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு வெளியே போனால் நல்லதுதானே என்று எனக்குள் ஒரு சுயநலம்.

போன மாதம் பிரஸ்ஸிலிருந்து ஒரு கட்டுப் புத்தகம் வந்து இறங்கியது. ஓய்வு பெற்ற பேராசிரியர்கள் நாலைந்து பேர் சேர்ந்து நடத்துகிற அந்தப் பொருநை ஆய்விதழ், பெயர்தான் தமிழ், உள்ளே எல்லாம் இங்கிலீஷ், அப்பாதான் அதற்கு ஆசிரியர் என்பது உனக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒன்று வரும், யாரும் படிக்க மாட்டார்கள், நான் மட்டும் பிழை பார்ப்பேன். இந்தத் தடவை பிழை பார்க்க என்னிடம் கொடுக்கவே இல்லை, அதுவே எனக்குச் சந்தேகம். எடுத்து வாசித்தால் பட்டுப்புழு வளர்ப்பைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார், கடைசியில் மேற்கோள் பட்டியலில் ஜி. பெர்சிஸ், தாமிரபரணிப் பாறைப் பாசி. ஆட்டுக்கு வரும் காய்ச்சலைப் பற்றி ஒருவர், அங்கேயும் ஜி. பெர்சிஸ். சரி, உயிருள்ளது எல்லாம் ஒரு வகையில் சொந்தம் என்று சமாதானம் பண்ணிக்கொண்டு புரட்டினால் கருப்பட்டிக் கூட்டுறவுச் சங்கத்தின் வரவு செலவைப் பற்றிப் பொருளாதார வாத்தியார் ஒருவர் எழுதியிருக்கிறார், அவரும் உன் பாசியை விடவில்லை. பனையேறிக்கும் பாறைப் பாசிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் எங்கே போய்க் கேட்பது. இதழில் உள்ள அத்தனை கட்டுரையிலும் நீ இருக்கிறாய், ஞானையா என்ற பெயரில் எழுதியதையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். நாற்பது பிள்ளைகள் ஒரே தப்பான விடையை எழுதியிருந்தால் கணக்கு டீச்சருக்கு என்ன தோன்றுமோ அதுதான் எனக்குத் தோன்றியது.

அப்பா வந்ததும் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை, பெருமையாகச் சொன்னார். கலியாண வீட்டில் மொய் எழுதுவதில்லையா, அது மாதிரிதானாம். இன்றைக்கு நீங்கள் என் பிள்ளை பெயரை ஒரு வரி எழுதுங்கள், நாளைக்கு அவள் கனடாவில் எழுதும்போது உங்கள் பெயரை எழுதித் திருப்பிச் செய்வாள் என்று ஒவ்வொருவரிடமும் வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆக, மகளே, பட்டுப்புழுக்காரருக்கும் கருப்பட்டிக்காரருக்கும் நீ செய்முறை பாக்கி வைத்திருக்கிறாய், அவர்களில் இரண்டு பேர் உன் விலாசத்தையும் வாங்கிப்போயிருக்கிறார்கள், கடிதம் வந்தால் திடுக்கிடாதே. நான் கோபத்தில் என்னென்னவோ பேசினேன். படித்தவர் செய்கிற வேலையா, அங்கே உள்ளவர்கள் பார்த்தால் பெண்ணைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று கேட்டேன். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு, "நான் என்ன களவா பண்ணுதேன், பிள்ளைக்கு ஆள் சேக்குதேன், நாம செய்யாம அவளுக்கு அங்கன யாரு இருக்கா" என்றார். பிறகு பைய உட்கார்ந்து, தான் எழுதிய கட்டுரை ஒன்றையும் ஒருத்தனும் எடுத்துச் சொன்னதில்லை என்றும், இப்போது வெள்ளைக்காரன் புத்தகத்தில் ஞானையா சொல்லியபடி என்று அச்சில் வருகிறதே, அது தன் பெயர்தானே என்றும் சொன்னார். பாவமாக இருந்தது பெர்சிஸ். உன் கட்டுரைகளின் நகலை அவர் பீரோவில் கோட்டுக்கு அடியில் வைத்திருக்கிறார், ஞானையா என்று வருகிற இடத்திலெல்லாம் பென்சிலால் கோடு இழுத்திருக்கிறார். அதைப் பார்த்த பிறகு அவரைத் திட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

அதோடு நின்றிருந்தால் நம் ஊரோடு போயிருக்கும். ஆனால் நீ உன் கடிதத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தாய், அந்த இண்டெக்ஸ் புத்தகம் எல்லாப் பத்திரிகையையும் பார்ப்பதில்லை, பொறுக்கியெடுத்த பத்திரிகைகளைத்தான் பார்க்கும், நம் ஊர் இதழ்கள் அதில் ஏறாது என்று. அதை அவர் மறக்கவில்லை. புத்தகம் பார்க்காவிட்டால் ஆளுக்கே நேரில் காட்டிவிடுவோம் என்று இதழில் ஏழெட்டுப் பிரதிகளை எடுத்து, உன் பெயர் வருகிற பக்கங்களில் எல்லாம் சிவப்புத் தாள் சொருகி, அவர் கைப்பட ஒரு கடிதமும் எழுதி வைத்து, துணியில் தைத்து அரக்கு வைத்து அனுப்பிவிட்டார். கடிதத்தில் என்ன எழுதினீர்கள் என்றேன். இந்த மாவட்டத்தின் விஞ்ஞானிகள் அனைவரும் ஒருமனதாக என் மகளை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று எழுதினேன் என்கிறார். ஒருமனதாக என்ற அந்த ஒரு வார்த்தையே எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். மறுநாளே தலைமைத் தபாலாபீஸுக்குப் போனேன், அங்கே என்னிடம் படித்த பெண் ஒருத்திதான் இருந்தாள், டீச்சர், தபால் பை கட்டிப் போய்விட்டது, இனி நம் கையில் இல்லை என்றாள். உனக்குப் போன் பண்ணலாம் என்று தெரு முக்கில் உள்ள மதார் கடை பூத்துக்குப் போனேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு உன் குரலே இங்கிலீஷில் நான் வீட்டில் இல்லை என்று சொல்லியது, நான் பேச வாயைத் திறந்தால் மதார் கண்ணாடிக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார், உன் அப்பாவுக்கு நாற்பது வருஷப் பழக்கம். இந்தக் கதையை அவர் முன்னால் எப்படிச் சொல்ல. சுகமா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன், நீயும் அதைக் கேட்டுவிட்டு என்ன நினைத்தாயோ.

இதற்குள் அப்பா வாசலில் ஸ்கூட்டரை நிறுத்துகிற சத்தம் கேட்ட மாதிரி இருந்தது, எழுந்து போய்ப் பார்த்தேன், பக்கத்து வீட்டுக்காரர். இப்படித்தான் இருக்கிறேன் இந்த வாரம் முழுக்க. பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போகிறேன், ஜன்னலில் நின்றுகொண்டு எதற்கு வந்தேன் என்று யோசிக்கிறேன், பால் பொங்கி வழிகிறது. இனி அந்தப் பெரிய விஷயத்துக்கு வருகிறேன்.

ஹபீப் முகம்மதுவை உனக்குத் தெரியும், மேலப்பாளையம் பையன், நீ ஆற்றில் பாசி எடுக்கப் போகும்போது கூடையைத் தூக்கிக்கொண்டு வருவானே, உனக்கு ஒரு வருஷம் இளையவன், இப்போது ஒரு கல்லூரியில் வாத்தியார், கலியாணம் ஆகிப் பெண் குழந்தை இருக்கிறது. அந்த இதழுக்கு அப்பா அவனிடமும் கட்டுரை கேட்டிருக்கிறார். மற்றவர்கள் எல்லோரும் சொன்னபடி உன் பெயரை எழுதிக் கொடுத்தார்கள், அவன் மட்டும் கொடுக்கவில்லை. நன்றி கெட்டவன், நான் சீட் வாங்கிக் கொடுத்த பையன் என்று அப்பா ஒரு வாரம் முனகிக்கொண்டிருந்தார். போன சனிக்கிழமை அவனே வீட்டுக்கு வந்தான், அப்பா இல்லை, உட்கார மாட்டேன் என்று நின்றுகொண்டே இருந்தான், நான் அதட்டியபிறகு நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். என்னப்பா, சாருக்கும் உனக்கும் என்ன என்று கேட்டேன். அப்புறம்தான் சொன்னான். உன் ஆற்றுக் கட்டுரையில், பாறையில் ஒட்டியிருக்கிற பாசியின் வகையைப் பார்த்தே தண்ணீர் நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடலாம் என்று ஒரு அளவு வகுத்திருக்கிறாய் அல்லவா, அதைத்தானே கேரளத்திலும் பிரேசிலிலும் எடுத்துச் சொல்கிறார்கள். அவன் அதே அளவை வைத்துக்கொண்டு பாபநாசத்திலிருந்து கீழே ஒவ்வொரு கோடையிலும் பார்த்திருக்கிறான். சிற்றாறு வந்து கலக்கிற சீவலப்பேரிக்குக் கீழே, கோடையில் நீர் குறைந்து ஊர்ச் சாக்கடை சேர்ந்து தண்ணீர் கெட்டிருக்கும்போதும், உன் அளவுப்படி நல்ல தண்ணீர் என்றே வருகிறதாம். சிற்றாற்றுத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புக்கு வளர்கிற பாசியும் நீ நல்ல தண்ணீருக்கு அடையாளம் என்று சொன்ன பாசியும் ஒன்றாக இருப்பதுதான் காரணம் என்கிறான். நீ மழைக்குப் பிந்திய மாதங்களில்தான் எடுத்தாய், கோடையில் எடுக்கவில்லை, அந்த வருஷம் உனக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்திருந்தாய், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அவன் உன்னைக் குறை சொல்கிற மாதிரி ஒரு வார்த்தை பேசவில்லை பெர்சிஸ். "அக்கா கணக்கு தப்புன்னு சொல்லல டீச்சர். கோடையில நிக்க மாட்டேங்கு, அவ்வளவுதான். அக்கா இங்கன இருந்தா அவியளே கண்டுபிடிச்சிருப்பாவ" என்றான். பட்டியலில் சும்மா பெயரைச் சொருகுவதற்கு மனசு வரவில்லையாம், படித்துப்பார்த்து எழுதினால் இதைத்தான் எழுத வேண்டியிருக்கும், அதனால் இதழுக்குக் கொடுக்கவில்லை. கட்டுரையை எழுதி முடித்து வைத்திருக்கிறான், உன் கட்டுரை வந்த அதே ஹாலந்துப் பத்திரிகைக்கு அனுப்ப. அவன் டாக்டர் பட்டத்துக்குத் தீசிஸ் கொடுக்க வேண்டுமென்றால் வெளியே ஒரு கட்டுரை ஏற்கப்பட்டிருக்க வேண்டும், தாமதித்தால் ஒரு வருஷம் போய்விடும். அப்படியிருந்தும் ஏன் அனுப்பாமல் இருக்கிறாய் என்று கேட்டேன். அவன் சொல்லாமல் நழுவப் பார்த்தான். நான் விடவில்லை. அப்பாவிடம் அவன் இதை ஆவணியிலேயே சொல்லியிருக்கிறான். அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, பெர்சிஸ் வேலை நிலையாகிற வரைக்கும் வெளியே விடாதே, அவளே உன்னிடம் கேட்டதாக வைத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறார். உன் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அவனும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப்பார். இதற்கு முன்னால் அந்தப் பார்சலை நினைத்து நான் பயந்தது ஒன்றுமே இல்லை. வெட்கத்தில் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, சீவலப்பேரிக்குக் கீழே இருந்துதான் வள்ளியூர், ராதாபுரம் பக்கத்துக்குக் குழாயில் ஆற்றுத் தண்ணீர் கொண்டுபோகலாம் என்று ஒரு யோசனை ஓடுகிறது, அதைப் பார்க்கிற என்ஜினீயர் ஒருவர் ஹபீப்பிடம் வந்து உன் கட்டுரையைக் கேட்டு வாங்கிப்போயிருக்கிறார். நம் தேவமணி குடத்தோடு நிற்கிறாளே, அவள் குடத்தில் விழப்போகிற தண்ணீர். நான் ஹபீப்பிடம் அந்த நிமிஷமே, நீ நாளைக்கே அனுப்பு, சாருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அவன் எழுந்து நின்று, "நீங்க சொல்லிட்டிய, போதும் டீச்சர். ஆனா சார் அக்கா பேரைச் சொல்லில்லா கேட்டாவ. அக்கா ஒரு வரி எழுதட்டும், அன்னைக்கே போட்டுருதேன்" என்றான். எவ்வளவு பேசியும் அதிலிருந்து அவன் இறங்கவில்லை. வாசல் வரைக்கும் போனவன் திரும்பி, அந்த இண்டெக்ஸ் புத்தகத்தில் இதுவும் அக்காவுக்கு ஒன்று கூடும் டீச்சர், திட்டினாலும் கணக்கில் ஒன்றுதானாம் என்று சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன், இந்த மாதத்தில் நான் சிரித்தது அது ஒன்றுதான்.

அப்பா வந்ததும் கேட்டேன், சண்டையாகக் கேட்கவில்லை, எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. அவர் முதலில் ஜனவரி வரைக்கும்தானே என்றார். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். அந்தக் கமிட்டிக்கு ஞானையாவை மட்டும்தானே தெரியும், ஜி. பெர்சிஸ் வேறு யாரோ என்றுதானே நினைக்கிறார்கள், அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும், ஆற்றுக் கட்டுரையைத் தாளில் சேர்க்காதே என்று உனக்கு எழுதச் சொன்னார். ஹபீப் யாரைத் தப்பு என்று எழுதினாலும் அது நம் பிள்ளை இல்லை என்று ஆகிவிடும் என்றார். எனக்கும் ஒரு நிமிஷம் நல்ல யோசனையாகத்தான் பட்டது என்பதை உன்னிடம் மறைக்கவில்லை. கனடாவில் ஒருத்தருக்கும் தெரியாது, பார்சலில் அவரே இரண்டு பெயரையும் என் மகள் என்று காட்டி அனுப்பியது அப்போது எனக்கும் ஞாபகம் வரவில்லை. ஆனால் அந்த ஜி. பெர்சிஸ் யார், காய்ச்சல் விட்டதும் விடாததுமாகக் குறுக்குத்துறைப் பாறையில் வழுக்கி விழுந்து முழங்கையைக் கிழித்துக்கொண்டு வந்தவள், சோப்புப்பெட்டியில் பாசியை வைத்துக்கொண்டு என் சாப்பாட்டு மேஜையைப் பாழாக்கியவள். அவளை எனக்குத் தெரியாது என்று நான் எப்படிச் சொல்வேன். தப்பு பண்ணியிருந்தால் பண்ணியிருக்கிறாள். நான் அப்பாவிடம், அவளையும் நான்தான் பெற்றேன் என்று மட்டும் சொன்னேன். அதிலிருந்து அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. உன் தலைவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன் என்று தாளை எடுத்து வைத்துக்கொண்டு மதிப்பிற்குரிய ஐயா என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறார், அவர் எழுதி முடிக்கட்டும் என்று காத்திருந்தால் கிறிஸ்மஸ் வந்துவிடும். அவர் மேல் கோபப்படாதே. அவர் உனக்குக் கெடுதல் நினைக்கவில்லை, ஊரில் கலியாணத்துக்கும் சாவுக்கும் ஆள் திரட்டிப் பழகியவர், படிப்புக்கும் அப்படித் திரட்டலாம் என்று நினைத்துவிட்டார்.

ஆகவே நீ போய் உன் தலைவரைப் பார். பார்சல் வருகிறது, அதை என் அப்பா எனக்குத் தெரியாமல் அனுப்பினார், அதை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம் என்று சொல். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், அவருக்கும் பெண் பிள்ளை இருக்கலாம். அடுத்தது ஆற்றுக் கட்டுரை. வேலை போனால் போகிறது, நம் வீடு இருக்கிறது, வந்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போகக் கூடாது பெர்சிஸ். ஆறு வருஷம் அந்தப் பனியில் ஒற்றைக்கு நின்று நீ வாங்கிய வேலை, அது போனால் எனக்குத் தாங்காது, உனக்குத் தாங்காது, உன் அப்பா உடைந்துபோவார். எனக்குப் பயமாக இருக்கிறது. இவ்வளவு பயத்தோடுதான் ஹபீப்புக்கு அந்த ஒரு வரியை எழுது என்று உன்னைக் கேட்கிறேன். நீ எழுதுவாய் என்று எனக்குத் தெரியும் என்று எழுதிவிட்டு அந்த வரியை அடித்துவிட்டேன், பார்த்திருப்பாய். தெரியாது. நீ எழுதாமல் இருந்துவிட்டால் அதையும் என்னிடம் மறைக்காதே, நான் உன்னை ஒன்றும் சொல்ல மாட்டேன், ஆனால் ஹபீப் இந்தத் தெருவில் வருகிறபோது நான் உள்ளே போய்க்கொள்வேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. லைப்ரரியில் இருட்டுகிறவரை உட்காராதே. எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன், கப்பலில் இனி இந்த வீட்டிலிருந்து ஒன்றும் வராது. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, நீ நிற்கிற இடத்தில் உன்னை நிலைநிறுத்துவாராக. ஹபீப் விலாசத்தைத் தாளின் பின்பக்கம் தெளிவாக எழுதியிருக்கிறேன். எனக்குப் பதில் பிறகு போடலாம், முதலில் அவனுக்குப் போடு.

இப்படிக்கு,
உன் முகத்தையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
கிரேஸ் ஞானையா